பனிமூட்டமும் பழம்பெருமையும்



ஏற்காட்டுக் காலைப் பொழுதை நீங்கள் அறிவீர்கள். சேலத்து வெயிலிலே வெந்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளிலே சுழன்று, ஏறத்தாழ 5,000 அடி உயரத்திலே போய் இறங்கினால், மலை நம்மை வரவேற்பதில்லை, மறைந்துகொள்கிறது. ஏரி இருக்கும், தெரியாது. எதிரே மரம் இருக்கும், தெரியாது. பத்தடி தொலைவிலே ஓர் ஆள் வருவார்; இருமல் ஒலி கேட்ட பின்னரே ஆள் என்று அறிவோம். அந்தப் பனிமூட்டத்திலே ஓர் அழகு உண்டு, மறுக்கவில்லை. மேடும் பள்ளமும் தெரியாத அழகு! மாளிகையும் குடிசையும் ஒரே வெண்மையிலே கரைந்துபோகும் அழகு!

பழங்காலம் பற்றிய பேச்சும் அப்படிப்பட்டதே என்பதை, தை மாதத்து ஞாயிறு ஒன்றிலே, ஏரிக்கரைத் தேநீர்க் கடையிலே நான் கற்றுக்கொண்டேன்.

முதல்நாள் இரவு, மலைச் சிற்றூர் ஒன்றிலே பொதுக்கூட்டம். பேசி முடித்து, தங்கி, காலையிலே கீழே இறங்குவதற்காகப் பேருந்தை எதிர்பார்த்து அமர்ந்திருந்தேன். எதிர்ப் பலகையிலே ஒரு பெரியவர். கம்பளிக் குல்லாய், கழுத்திலே துண்டு, கையிலே ஓர் ஆங்கில ஏடு. ஏட்டின் பெயரும் வேண்டாம், பெரியவரின் பெயரும் வேண்டாம். உயர்ந்த பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர் என்பதைப் பேச்சே காட்டிக்கொடுத்தது. நான் யார் என்பதை என் வேட்டிக்கரை காட்டிக்கொடுத்துவிட்டது.

"கட்சிக்காரரோ, தம்பி?"

"ஆம், ஐயா."

"கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த ஏட்டைப் படிக்கப் படிக்க எனக்குப் பழைய நாட்கள் நினைவுக்கு வருகின்றன. அந்தக் காலம் இனி வருமா?"

ஏட்டை விரித்துக் காட்டினார். இடப்பக்கம் அரசியல். அரசாங்கம் தன் கையைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். வரி குறைய வேண்டும். இலவசங்கள் மக்களைச் சோம்பேறிகளாக்கும். பள்ளிகளிலே பழைய ஒழுக்கம் திரும்ப வேண்டும். அவரவர் கடமையை அவரவர் செய்தால் நாடு செழிக்கும். வலப்பக்கம் நினைவுகள். சரித்திரத்திலே ஒரு நூற்றாண்டு விழா, சங்கீதத்திலே ஒரு மேதையின் பிறந்த நாள், விளையாட்டிலே ஒரு பழைய வெற்றியின் ஆண்டு நிறைவு. பழுப்பேறிய புகைப்படங்கள், பவ்வியமான வரிகள்.

"இடப்பக்கத்தை விடுங்கள், தம்பி. அதிலே நமக்குள் சண்டை வரும். இந்தப் பக்கத்தைப் பாருங்கள். சரித்திரம், சங்கீதம், விளையாட்டு! இதிலே கட்சி இல்லை, கொடி இல்லை. எல்லாருக்கும் பொதுவானது" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். ஆம், ஆட்டித்தான்விட்டேன். ஆனால் கடை ஓரத்திலே, தோட்டத்து வண்டிக்காகக் காத்திருந்த மூதாட்டி ஒருவர் தலையை ஆட்டவில்லை. காப்பிப் பழம் பறிக்கும் காலம் அது. இடுப்பிலே சாக்குப்பை, காலிலே கிழிந்த செருப்பு. தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு அவர் கேட்டார்:

"ஏனுங்கய்யா, எல்லாருக்கும் பொறந்த நாளு போட்டிருக்குன்னு சொல்றீங்களே. இந்த மலைமேல ரோட்டை வெட்டினவங்க பொறந்த நாளு அதுல போட்டிருக்குங்களா?"

பெரியவர் சிரித்தார். நானும் சிரித்தேன். மூதாட்டி சிரிக்கவில்லை. அந்தக் கேள்விதான் தோழர்களே, இன்று உங்கள் முன் வைக்கும் கட்டுரை. மற்றவை எல்லாம் அதற்கு உரை.

* * *

இடப்பக்கத்து அரசியலோடு நாம் வாதாடலாம். புள்ளி விவரத்தை எடுத்து வீசலாம். வலப்பக்கத்து நினைவுகளோ வாதுக்கு வருவதில்லை. பாட்டுப் பாடி, படம் காட்டி, தலையை ஆட்ட வைக்கின்றன. "பழையபடி ஆகட்டும்" என்று இடப்பக்கம் வழக்குத் தொடுக்கிறது. "பழையது எவ்வளவு இனிமையாக இருந்தது தெரியுமா?" என்று வலப்பக்கம் சாட்சி கூறுகிறது. வழக்கும் அவர்களுடையது, சாட்சியும் அவர்களுடையது! குறுக்கு விசாரணை செய்யவேண்டிய நாமோ, சாட்சியின் குரலினிமையிலே மயங்கி, கேள்வி கேட்காமல் உட்கார்ந்துவிடுகிறோம்.

கேட்போமா? ஒவ்வொரு சாட்சியாக அழைப்போமா?

முதற் சாட்சி, சரித்திரம். ஏற்காட்டுச் சரித்திரம் எங்கே தொடங்குகிறது என்று கேளுங்கள். 1820-களிலே சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்னும் ஸ்காட்லாந்துக்காரரிடம் தொடங்குகிறது என்பார்கள். காப்பிச் செடியைக் கொண்டுவந்தார், பழமரங்களை நட்டார், மலைவாசத்திற்கு வழி வகுத்தார். உண்மை, மறுக்கவேண்டியதில்லை. ஆனால் அவர் வரும்போது இந்த மலை ஆளற்ற வெளியா? சேர்வராயன் மலை என்ற பெயரைக் காக்பர்னா வைத்தார்? மலையாளி என்ற பழங்குடி மக்கள் இங்கே வாழ்ந்தார்கள். கேரளத்தவர் அல்லர், தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தனர் என்று வழிவழியாகச் சொல்லிக்கொள்பவர்கள். அவர்களுடைய தெய்வத்தின் பெயரே மலையின் பெயர். சிகரத்துக் குகைக் கோயிலிலே ஆண்டுதோறும் அவர்கள் எடுக்கும் விழாவுக்கு எந்தக் கலெக்டரும் தேதி குறித்துக் கொடுக்கவில்லை.

தோட்டங்களிலே உழைத்தவர்கள் யார்? அந்த நாளைத் தேனும் பாலும் ஓடிய நாளாகத் தீட்டுகிறார்களே, அந்த நாளின் சட்டத்தைப் புரட்டுங்கள். 1859-ஆம் ஆண்டு வேலை ஒப்பந்த மீறல் சட்டம் என்று ஒன்று வந்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் அது குற்றம், சிறைக்கே அனுப்பலாம். முதலாளி கொடுத்தது கடன்; தொழிலாளிக்கு அது கால்விலங்கு. 1920-களின் நடுப்பகுதி வரை அந்தச் சட்டம் நம் நாட்டிலே உயிரோடு இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு வீடு, மருத்துவம், பிள்ளைக்குத் தொட்டில், பள்ளி ஆகியவற்றைக் கடமையாக்கிய தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இலேதான் வந்தது. பங்களாத் தாழ்வாரத்திலே உட்கார்ந்தவருக்கு அது பொற்காலம். தாழ்வாரத்துக்குக் கீழே கூடையோடு நின்றவருக்கு?

"பழமை வேண்டும்" என்கிறார்களா? வேண்டிய மட்டும் தருவோம்! ஏற்காட்டுத் திருத்துவ ஆலயத்திலே ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞரின் நினைவிடம் இருக்கிறது. 1863 மே 30-ஆம் நாள் பல்லாவரத்திலே ஆதிமனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்தவர். ஓய்வுக் காலத்தை ஏற்காட்டிலே கழித்தவர்; 1912-இல் மறைந்தார். அவரும் அவருடைய தோழரும் தொடங்கிவைத்த அதிரம்பாக்கத்து ஆய்வு வளர்ந்து, அங்கே கிடைத்த கருவிகள் 15 இலட்சம் ஆண்டுக்கு முற்பட்டவை என்று 2011-இலே அறிவியல் உலகம் அறிந்தது. பதினைந்து இலட்சம் ஆண்டு! அந்தக் கல்லைச் செதுக்கிய கைக்குச் சாதி ஏது? பட்டம் ஏது? பங்களா ஏது? பழமையைத் தேடிப் போகிறவர்கள் பாதி வழியிலே, தங்களுக்கு வசதியான ஒரு சத்திரத்திலே இறங்கிக்கொள்கிறார்கள். முழுவழியும் வந்தால் அங்கே நிற்பவன் உழைப்பாளி.

இரண்டாம் சாட்சி, சங்கீதம். "அந்தக் காலத்துக் கச்சேரி போல் வருமா?" என்பார்கள். வராதுதான். திருவாவடுதுறை இராஜரத்தினத்தின் தோடி போல் இன்னொன்று வருமா? ஆனால் கேளுங்கள்: அதே பொற்காலத்திலே நாதசுரக் கலைஞர் எப்படி வாசித்தார்? சட்டையின்றி, துண்டை இடுப்பிலே கட்டி, நின்றபடி, நடந்தபடி! வாய்ப்பாட்டுக்காரருக்கு மேடை, நாதசுரக்காரருக்குத் தெரு. 1898-இலே பிறந்து 1956-இலே மறைந்த இராஜரத்தினம், உடையணிந்து வந்து, மேடையிலே சரிசமமாக உட்கார்ந்து வாசிப்பேன் என்று நிலைநாட்டினார். அவருடைய பிறந்த நாளன்று இராகத்தை நினைப்பார்கள், உட்கார்ந்ததை நினைப்பார்களா? நம் கணக்கிலே இரண்டும் இசைதான்.

1941-இலே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழிசை மாநாடு கூடியது. தமிழ்நாட்டு மேடையிலே தமிழ்ப் பாட்டுக்கு இடம் வேண்டும் என்று கேட்டது. அதற்கும் எதிர்ப்பு எழுந்தது! தமிழ்நாட்டிலே தமிழ் பாட ஒரு மாநாடு, ஓர் இயக்கம், 1943-இலே ஒரு சங்கம் தேவைப்பட்டது என்றால் அந்தப் பொற்காலத்தின் மாற்று எத்தனை என்று நீங்களே உரசிப் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்திலே 1920-களில் தொடங்கிய போராட்டம், 1947-இலேதான் சென்னை மாகாணச் சட்டமாக நிறைவேறியது. இசையும் நாட்டியமும் வளர்த்த குடும்பங்களின் பெண்களுக்கு அந்தக் காலம் எப்படி இருந்தது என்பதை, சபாக்களின் மலர்கள் சொல்லா. அந்தச் சட்டத்தின் வரலாறு சொல்லும்.

மூன்றாம் சாட்சி, விளையாட்டு. நம் பெரியவரின் ஏட்டிலே கிரிக்கெட். அமெரிக்காவிலே இத்தகைய பக்கங்களில் பேஸ்பால் இருக்கும். பேப் ரூத் என்ற வீரர் 1927-இலே ஒரே பருவத்திலே 60 முறை பந்தை எல்லைக்கு வெளியே அடித்து விரட்டியதை இன்றும் கண்கலங்க எழுதுவார்கள். மாவீரர்தான். ஆனால் அந்தக் காலத்துப் பெருங்குழுக்களிலே கருப்பருக்கு இடமில்லை. அவர்களுக்குத் தனிக் குழு, தனிப் போட்டி. ஜாஷ் கிப்சன் என்ற கருப்பின வீரர், வாய்ப்பு வராமலே, 1947 சனவரியிலே 35 வயதிலே இறந்தார். மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 15-ஆம் நாள், ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் குழுவுக்காகக் களத்திலே கால் வைத்தார், சுவர் உடைந்தது. 2024-இலே பழைய கருப்பினக் குழுக்களின் கணக்கையும் தலைமைப் பதிவேட்டிலே சேர்த்தார்கள். சேர்த்ததும் என்ன நடந்தது? ஆட்ட வாழ்வின் சராசரியிலே முதலிடத்துக்கு வந்து நின்றவர் ஜாஷ் கிப்சன்! இறந்து 77 ஆண்டு கழித்து! நினைவைத் திருத்தலாம், தோழர்களே. ஏட்டை மூடாமல் வைத்திருக்கும் துணிவு வேண்டும்.

நம் நாட்டிலே? பல்வங்கர் பாலூ என்ற பந்துவீச்சாளர், தாழ்த்தப்பட்ட குடும்பத்திலே பிறந்தவர். 1911-இலே இங்கிலாந்து சென்ற இந்தியக் குழுவிலே நூறு விக்கெட்டுக்கு மேல் வீழ்த்தினார். அவர் வீசிய பந்து வேண்டும். அவர் தொட்ட குவளை வேண்டாம்! பூனாவிலே அவருக்கு ஆட்டக்காரர் கூடத்துக்கு வெளியே, தனி மண்குவளையிலே தேநீர். இந்துக் குழுவின் தலைவர் பதவி அவருக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் 1923-இலே கிடைத்தது.

இப்போது சேர்வராயன் மலையிலிருந்து கீழே பாருங்கள். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி. அங்கே டென்னிஸ் பந்திலே பயின்ற நடராசன், 2021 சனவரியிலே ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் களத்திலே தம் முதல் டெஸ்ட் ஆட்டத்தின் முதல் இன்னிங்சிலே மூன்று விக்கெட் எடுத்தார். 1988 முதல் ஆஸ்திரேலியா தோற்றறியாத அந்தக் களத்திலே, சனவரி 19-ஆம் நாள் இந்தியா வென்றது. அதே மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன், 2016-இலே ரியோ மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கிலே 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். பழைய நாளின் தேர்வுக் கண்கள் சின்னப்பம்பட்டியைப் பார்த்திருக்குமா? அந்தக் காலம் திரும்பி வரட்டும் என்று கேட்பவர், நடராசனை மீண்டும் ஊருக்குள்ளே அனுப்பச் சொல்கிறார். அப்படிச் சொல்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. பனிமூட்டத்தின் கொடுமை அது.

* * *

சாட்சிகள் போகட்டும். இனி வழக்கைத் தொடுத்தவரையே பார்ப்போம். இந்தப் பழமைக் கட்சிக்கு நம் நாட்டிலே தலைசிறந்த வழக்கறிஞர் யார்? சேலத்துக்காரர்தான்! பழைய சேலம் மாவட்டத்துத் தொரப்பள்ளியிலே 1878-இல் பிறந்து, சேலத்திலே வழக்கறிஞராக உயர்ந்து, 1917-இலே சேலம் நகராட்சித் தலைவராகி, பின் மாகாணத்தின் முதல்வராகி, நாட்டின் கவர்னர் ஜெனரலாகவும் விளங்கிய இராசகோபாலாச்சாரியார். எண்பது வயதிலே, 1959-இலே, சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தவர். அனுமதி, உரிமம், ஒதுக்கீடு ஆகிய மூன்றையும் கொண்டு அரசாங்கம் நாட்டை நெரிக்கிறது என்று கிழமைதோறும் 'சுவராஜ்யா' ஏட்டிலே எழுதியவர். வயது தொண்ணூறைத் தாண்டிய பிறகும் பேனாவைக் கீழே வைக்காதவர்.

இவரைப் பற்றி ஒரு குற்றத்தை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். இது என் குற்றம்.

கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். நாடகக் கொட்டகையே எனக்குக் கல்லூரி. இருபத்தைந்து வயதிலே, 1953-ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்வித் திட்டத்தை வைத்து ஒரு நாடகம் எழுதினேன். கருப்புக் கண்ணாடி, கைத்தடி, வஞ்சகச் சிரிப்பு என்று ஆச்சாரியாரை அரங்கேற்றினேன். அவர் வாய் திறந்தாலே கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நாடகம் முடிந்ததும், இயக்கத்தின் முதியவர் ஒருவர், அந்தக் காலத்துப் போராட்டத்தை நேரிலே கண்டவர், ஒப்பனை அறைக்குள் வந்தார்.

"தம்பி, அவருக்கு ஒரு நல்ல வசனம்கூட நீ கொடுக்கவில்லையே, ஏன்?"

"எதிரிக்கா, ஐயா?"

"ஆமாம். நாங்கள் எதிர்த்தது கெட்டிக்காரரை. நீ காட்டியது கோமாளியை. கோமாளியை வென்றதாகவா எங்களைக் காட்டுகிறாய்?"

அன்றிரவே நாடகத்தைக் கிழித்துத் திரும்ப எழுதினேன். எழுதுவதற்காகப் படித்தேன். படித்தபோதுதான் தெரிந்தது, எதிரியின் ஏட்டிலே வரவும் உண்டு, பற்றும் உண்டு என்று.

வரவைச் சொல்வோம். 1937 அக்டோபர் முதல் நாள் மதுவிலக்கை அவர் முதன்முதலாகச் செயற்படுத்தியது இந்தச் சேலம் மாவட்டத்திலேதான். வருவாய் குறையுமே என்றார்கள். ஈடுகட்ட 1939-இலே விற்பனை வரியைக் கொண்டுவந்தார். வரி என்றாலே முகம் சுளிக்கும் இன்றைய பழமை விரும்பிகள், தங்கள் தலைவர் புதிய வரி போட்டே ஒரு சீர்திருத்தத்தைக் காத்தார் என்பதை எந்த நினைவுப் பக்கத்திலும் எழுதக் காணோம்! தாழ்த்தப்பட்டோர் ஆலயம் நுழைய 1939-இலே சட்டப் பாதுகாப்புக் கொடுத்தவரும் அவரே. தமிழிசைக் கிளர்ச்சியிலே கல்கியோடு தமிழின் பக்கம் நின்றார். 1966 அக்டோபரிலே ஐக்கிய நாடுகள் மன்றத்திலே எம். எஸ். சுப்புலட்சுமி பாடியபோது, அவர் எழுதிய ஆங்கில வழிபாட்டுப் பாடலும் அங்கே ஒலித்தது. அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொல்லி 1962-இலே, 83 வயதிலே, அமெரிக்கா சென்று கென்னடியைக் கண்டு பேசினார்.

பற்றையும் சொல்வோம். 1938-இலே பள்ளிகளிலே இந்தியைக் கட்டாயமாக்கினார். எதிர்த்தவர்கள் சிறை சென்றனர். நடராசனும் தாளமுத்துவும் 1939-இலே சிறைப்பட்ட நிலையிலே உயிர் நீத்தனர். 1953-இலே கிராமத் தொடக்கப் பள்ளியின் நேரத்தை மூன்று மணியாகச் சுருக்கி, மிச்ச நேரத்திலே பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றார். பணமில்லை, பள்ளிக் கட்டடமில்லை, இருப்பதை இரு முறையாகப் பிரித்தால் இருமடங்கு பிள்ளைகள் படிக்கலாம் என்பது அவர் வாதம். கேட்பதற்கு நியாயம் போலவே இருக்கும்! அந்த வசனத்தைத்தான் திருத்திய நாடகத்திலே அவருக்குக் கொடுத்தேன். கொட்டகையிலே சிரிப்பில்லை, அமைதி. அந்த அமைதியிலே, குயவன் மகள் பாத்திரம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "நகரத்துப் பள்ளிக்கு ஏன் இந்தத் திட்டம் இல்லை?" கைதட்டல் அப்போது எழுந்தது, முன்னைய சிரிப்பைவிட நூறு மடங்கு. 1954 ஏப்ரலிலே காமராசர் முதல்வரானார். மே மாதத்திலே திட்டம் போயிற்று.

இன்னொன்றும் உண்டு. 1938-இலே இந்தியைத் திணித்த அதே மனிதர், பின்னாளிலே அது தவறென்று கண்டு, இந்தி மட்டுமே ஆட்சிமொழி என்பதை வெளிப்படையாக எதிர்த்தார். 1967-இலே அண்ணாவோடு தோழமை கொண்டு தேர்தல் களத்திலே நின்றார். அந்தத் தேர்தலிலே அவருடைய கட்சி நாடாளுமன்றத்திலே 44 இடங்களைப் பெற்றது. 1971-இலே மதுவிலக்கு ஒத்திவைக்கப்பட இருந்தபோது, 92 வயதிலே, தோழமைக் காலம் முடிந்துவிட்ட முதல்வரின் இல்லத்துக்கே சென்று, வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் கேட்டது நடக்கவில்லை. அந்தக் கேள்வி அவரோடு போய்விட்டதா? தோட்டத்துப் பெண்கள் கூலி வாங்கும் நாளன்று மலையடிவாரத்திலே நின்று பாருங்கள். கேள்வி இன்னும் நம் வாசலிலே நிற்கிறது. எதிரி கேட்டான் என்பதாலே கேள்வி செத்துவிடாது.

1972 டிசம்பர் 25-இலே அவர் மறைந்தார். 1974-இலே அவருடைய கட்சி வேறொன்றிலே கரைந்தது. இன்று அவருடைய படத்தை வலப்பக்கத்திலே போட்டுப் பழமை பேசுகிறவர்கள், படத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். தன் தவற்றைத் தானே மாற்றிக்கொள்ளும் அவரது பழக்கத்தை வைத்துக்கொள்ளவில்லை.

* * *

இதுவரை கைதட்டினீர்களா, தோழர்களே? இனித் தட்டமாட்டீர்கள். ஏனெனில் இனி நம் முறை.

பழமை மயக்கம் அவர்களுக்கு மட்டும் வரும் நோயா? ஏற்காட்டு மலையடிவாரத்திலே மாடர்ன் தியேட்டர்சின் நுழைவு வளைவு நிற்கிறது. டி. ஆர். சுந்தரம் கட்டி எழுப்பிய கலைக்கூடம். இன்று வளைவு மட்டுமே எஞ்சியிருக்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் என் மார்பு விம்மும். 1950-இலே 'மந்திரிகுமாரி' வந்தது அங்கிருந்து. கலைஞரின் வசனம், ஜி. இராமநாதனின் இசை, திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய மலையுச்சிப் பாட்டு! வளைவின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். நல்லது. ஆனால் அந்த வசனங்கள் அன்று ஏன் நெருப்பாயின? அன்றைய அநீதியைப் பேசியதாலே. அதே வசனத்தை இன்று மனப்பாடம் செய்து ஒப்பிப்பதாலே, இன்றைய அநீதி ஒன்றுகூட அஞ்சாது.

1944 ஆகஸ்டு 27-ஆம் நாள், இதே சேலத்திலேதான், நீதிக்கட்சி தன் பழைய பெயரைக் களைந்து திராவிடர் கழகமாயிற்று. பட்டங்களையும் பதவிகளையும் துற என்றது அந்த மாநாடு. ஆண்டுதோறும் அந்த நாளை நினைக்கிறோம். மாலை, மேடை, ஒலிபெருக்கி, பிரியாணி. எதைத் துறந்தோம் என்று அந்த நாளிலே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோமா?

நாள் கொண்டாடுவது எப்படி என்று அண்ணா ஒருமுறை காட்டினார். முதல்வராகிய சில மாதங்களுக்குள், 1967 சூலை 23-ஆம் நாளை 'எழுச்சி நாள்' என்று அறிவித்தார். எதன் நினைவு அது? எதன் நினைவும் அன்று! சேலத்துக்கு உருக்காலை வேண்டும், சேதுக் கால்வாய் வேண்டும், தூத்துக்குடித் துறைமுகம் வளரவேண்டும் என்று வருங்காலத்தைக் கேட்ட நாள். 1970-இலே உருக்காலைக்கு அடிக்கல் விழுந்தது; 1980-களின் தொடக்கத்திலே ஆலை ஓடத் தொடங்கியது. சேதுக் கால்வாயோ இன்னும் கனவு. நடந்ததும் நடவாததும் சேர்ந்த கணக்கு அது. அத்தகைய நாளைத்தான் நாம் கொண்டாடத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இனி எந்தக் கிளையிலே எந்தத் தலைவரின் பிறந்த நாள், நினைவு நாள் எடுத்தாலும், மாலை போட்டு முடித்ததும் ஒரு தாளை எடுத்து மூன்று வரி படியுங்கள். அவர் கேட்டதிலே நிறைவேறியது எது? நிறைவேறாதது எது? இந்த ஊரிலே, யாருடைய பெயர் இந்த விழா அழைப்பிதழிலே விட்டுப்போயிற்று? மூன்றாவது வரிக்கு விடை தெரியாவிட்டால் விழாவை நிறுத்திவிட்டுத் தெருவுக்குள் போய்க் கேளுங்கள்.

எனக்கு இது எப்படித் தோன்றியது என்கிறீர்களா? தேநீர்க் கடைக்குத் திரும்புவோம். மூதாட்டியின் கேள்விக்குப் பெரியவரிடம் விடையில்லை. ஏட்டை மடித்து வைத்தார். "நியாயமான கேள்விதானம்மா" என்றார். நல்ல மனிதர், அந்தச் சொல்லுக்காக அவரை நான் மதிக்கிறேன். எனக்கோ உள்ளுக்குள் பெருமிதம். நம் பக்கத்து அம்பு சரியாகத் தைத்துவிட்டதே என்று! அப்போது வண்டி வந்தது. சாக்குப்பையை எடுத்துக்கொண்டு எழுந்த மூதாட்டி என் பக்கம் திரும்பினார்.

"நேத்து ராத்திரி நீயும் தேதி தேதியா அடுக்குனியே, கண்ணு. ரொம்ப நேரம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். உன் பேச்சுலயும் எங்க தேதி வரலியே?"

விடை சொல்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. பனி விலகிக்கொண்டிருந்தது. வளைந்து வளைந்து இறங்கும் சாலை தெரிந்தது. அதன் ஓரத்துத் தடுப்புச் சுவரிலே, யாரோ செதுக்கி, யாரோ சுமந்து, யாரோ அடுக்கிய கற்கள், ஒன்றன்மேல் ஒன்றாய், பெயரில்லாமல்.

பேருந்திலே இறங்கும்போது ஒவ்வொரு வளைவையும் எண்ணிக்கொண்டே வந்தேன். அடுத்த மாதம் அந்தச் சிற்றூருக்கு மீண்டும் போகிறேன், தோழர்களே. இம்முறை பேசுவதற்கு அல்ல; கேட்டு எழுதிக்கொள்ள.